ஒரே ஒரு முறை லீவு கேட்டவர்

எங்கள் நெஞ்சுநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘தராசு’. வருஷத்துக்கு அறுபது இளம் மருத்துவர்கள் பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்கள். அவர்களை நிறுத்துப் பார்த்து ஆறு பேரை எடுப்பது அவர் வேலை. எடுத்த ஆறு பேருக்கும் டியூட்டி பட்டியல் போடுவது என் வேலை. நான் அந்தப் பிரிவின் கிளார்க். சார் ஓய்வு பெற்றபோது, பயிற்சி மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தியதில் தான் கற்ற பாடங்கள் என்று மூன்று பக்கம் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஆனால் அடிக்க அடிக்க எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சிபாரிசுக் கடிதத்தைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் நேர்காணலின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்: “கடைசியா எப்போ லீவு போட்டீங்க?” ஞாபகம் இல்லை என்று தலையைச் சொறிந்தவருக்கு இடம் உண்டு. தேதி சொன்னவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சார், தன் அப்பா இறந்த அன்றும் வார்டு முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு அடக்கத்துக்குப் போனவர். அந்தக் கதையை வருஷா வருஷம் சொல்வார். புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஒரு வருஷம் எடுத்த ஆறு பேரில் ஒரு தம்பிக்கு ‘சரிங்கக்கா’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல், “இன்னைக்கு நீங்க பாத்துக்கறீங்களா தம்பி?” என்று நான் கேட்டால், “சரிங்கக்கா.” இன்னொருவருக்குப் பரீட்சை என்றாலும் “சரிங்கக்கா.” குனியக் குனியக் குட்டுவது என்பார்களே, அதை நான் பேனாவால் செய்தேன். பட்டியலில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அந்தத் தம்பியின் பெயரை வைத்து அடைத்தேன். தராசு சாருக்கு வாயெல்லாம் பல். “ஆள எடுத்தா இப்படி எடுக்கணும்மா” என்பார்.

ஆறாவது மாதத்தில் தம்பியின் வெள்ளைக் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. “ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்குடா” என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். இருமலும் இருந்தது. முப்பது கட்டிலும் இருமுகிற வார்டில் முப்பத்தொன்றாவது இருமல் யார் காதில் விழும்? தினமும் காலையில் எட்டு டாக்டர்கள் தம்பியோடு சேர்ந்து வார்டைச் சுற்றினார்கள். எட்டுப் பேர் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றார்.

“அக்கா, ரெண்டு நாள் லீவு கெடைக்குமா?”

“என்ன தம்பி, பொண்ணு பாக்கப் போறீங்களா?”

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“இந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு பேர் இல்ல. சார் என்னைத்தான் பிடிச்சுக் கேப்பாரு. அடுத்த வாரம் பாப்போமா?”

“சரிங்கக்கா.”

எதற்கு லீவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அதை நினைத்து இன்றைக்கும் மருகிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த திங்கள்கிழமை காலை, ஒரு கையெழுத்துக்காக வார்டுக்குப் போயிருந்தேன். தராசு சார் ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு தம்பியிடம் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த தம்பி ரத்தமாக இருமினார். கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வழிந்தது. “மன்னிச்சிடுங்க சார்” என்றார்.

காசநோய். இரண்டு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன. நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையில் தீர்கிற நோய். எங்கள் வார்டிலிருந்தே மாதம் இருபது பேர் தேறி நடந்து போகிறார்கள். தம்பியின் கோட்டுப் பையில் ஒரு எக்ஸ்ரே சீட்டு இருந்தது. அதில் தன் பெயரையும் வயதையும் அவரே எழுதியிருந்தார். தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை. மூத்த மருத்துவர் கையெழுத்துப் போடும் இடம் காலி. ஐந்தாம் நாள் மறுபடியும் ரத்தம் வந்தது. அன்று நிற்கவில்லை.

மறுநாள், உடலை வாங்கிப் போக அவருடைய அம்மா வந்து சேர்ந்தார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். நூல் பிசிறு இன்னும் தோளில் ஒட்டியிருந்தது. சார் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றார். நான் கதவோரம் நின்றேன்.

“ரொம்ப நல்ல பையன்மா” என்றார் சார். “ஒரு நாள்கூட லீவு கேட்டதில்ல.”

கேட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா அழவில்லை. “போன்ல ரெண்டு நிமிஷம்தாங்க பேசுவான்” என்றார். “அதுக்குள்ள நாலு தடவ இருமுவான். டாக்டர்கிட்ட காட்டுடான்னு சொன்னா, சுத்தி டாக்டருங்கதாம்மா இருக்காங்கன்னு சிரிப்பான். நானும் உங்கள எல்லாம் நம்பி இருந்துட்டேன்.”