பின் சீட்டில் ஒரு சிவப்புக் கைப்பிடி

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நடுரோட்டில் எங்கள் கார் தீப்பிடித்தது.

பதறாதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் வலது கையில் ஒரு கட்டு. அதையும் இந்த வாரம் பிரித்துவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தீயில் ஒரு பத்து விநாடி இருக்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை வீட்டில் மூச்சு விடவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை... அதனால் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக முதலில் காரைப் பற்றி. கறுப்பு நிறம். அறுபதுகளில் வந்த வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே கியர். பின் சீட்டு சோபா மாதிரி இருக்கும். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பெரிய மிராசுதார் ஒருவர் வைத்திருந்த கார் அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அவருடைய நிலத்தில் கொஞ்சம் பினாமி பெயருக்குப் போய், கொஞ்சம் கோர்ட்டுக்குப் போய், மிச்சம் விற்றுத் தீர்ந்தது. கார் மட்டும் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. கோழிகள் அதில் ஏறி முட்டை வைத்துக்கொண்டிருந்தன.

அந்தக் காரைத்தான் என் வீட்டுக்காரர் இளங்கோவன் வாங்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ரிட்டயர் ஆனால் காசிக்குப் போகிறார்கள். இவர் காருக்கு அடியில் போனார். மூன்று வருடம் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து ஓட வைத்தார். நான் அதற்கு ‘மிராசு’ என்று பெயர் வைத்தேன்.

தஞ்சாவூரில் ஆயிரம் பழைய பொருள் இருக்கும்போது ஏன் இந்தக் கார்? ஏனென்றால் அந்த மிராசுதாரின் வயலில் நடவு நட்டவர் இவருடைய அம்மா. ஏர் ஓட்டியவர் இவருடைய அப்பா. இந்தக் கார் தெருவில் வந்தால் தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடுமாம். அந்தக் காரை நாம் ஓட்டிக்கொண்டு அதே ஊருக்குப் போக வேண்டும் என்பது இவருடைய ஆசை. நியாயமான ஆசைதானே?

ஆனால் அந்த ஆசையில் இன்னொரு ஆளும் இருந்தார். இவருடைய அக்கா, தையல்நாயகி. அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஊருக்குள் கொண்டுபோக வேண்டும் என்று இவருக்குப் பிடிவாதம்.

அக்கா ஏறமாட்டேன் என்றார்.

அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்தவர். அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்து, குடும்பத்தில் முதல் முதலாகச் சம்பளம் வாங்கி, தம்பியையும் படிக்க வைத்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் கார் நிற்கிற பக்கம்கூடத் திரும்பமாட்டார். ஒருநாள் சமையலறையில் என்னோடு மீன் அலசிக்கொண்டிருந்தபோது காரணத்தைச் சொன்னார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று சேரியில் ஒரு தெம்பு. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு சங்கம் கொடி நட்டது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. ஒரு மத்தியானம், பெரியவர்கள் எல்லாம் வயலில் இருந்தபோது குடிசைகள் பற்றிக்கொண்டன. அக்காவுக்குப் பத்து வயது. தம்பிக்கு மூன்று. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வாய்க்காலில் இறங்கி நின்றிருக்கிறார்.

“தண்ணிக்குள்ள நின்னுகிட்டுப் பாக்கறேன் மலர். தெருமுனையில இந்தக் காரு நிக்குது. பின் சீட்டுல அந்த மிராசுதாரு. இறங்கல. கண்ணாடியக்கூட ஏத்தல. கடைசிக் குடிச விழற வரைக்கும் பாத்துட்டு, அப்புறம்தான் வண்டி நகந்துச்சு.”

தீ வைத்தது யார்? வழக்கு நடந்தது. நிரூபணம் ஆகவில்லை. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு இது அப்பா அம்மா சொல்லிக் கேட்ட கதை. அக்காவுக்கு அது அந்தப் பின் சீட்டு. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்றாலும் ஒரே தீயைப் பார்த்தவர்கள் இல்லையே! எனக்கு அன்றைக்கு அந்தக் காரைக் கொட்டகைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் போல இருந்தது.

இதற்கு நடுவில்தான் இவருக்குத் தீயணைப்பு ஏற்பாட்டின் மேல் மோகம் வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. பெட்ரோல் குழாய் காய்ந்து வெடிக்கும். வயரின் தோல் உரியும். ஒரு பொறி போதும். அதனால் சீட்டுக்கு அடியில் நுரை நிரப்பிய சிலிண்டர் ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய குழாய்களை இன்ஜினுக்குக் கொண்டுபோவார்கள். கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கும் பின் என்ற ஊசியைப் பிடுங்கிவிட்டு இழுத்தால் நுரை பீறிட்டு அடிக்கும். இவர் அதை வரவழைத்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டார்.

“அக்கா, இனிமே இந்த வண்டி தீப்பிடிச்சாலும் நாமளே அணைச்சிடலாம்.”

 அக்கா கேட்டார்: “எங்க மாட்டுறாங்க? நான் வந்து பாக்கறேன்.”

கும்பகோணம் ரோட்டில் மெக்கானிக் ஜமால் பாயின் ஷெட். அக்கா வந்தார். காரைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“பெட்ரோல் டேங்க் பக்கம் குழாய் வரலியே?”

“அதுக்குத் தரையில ஓட்டை போடணும்மா,” என்றார் பாய். “சார் வேணாங்கறாரு. ஒரிஜினல் தகடாம்.”

அக்கா தம்பியைப் பார்த்தார். “அந்தத் தகட்டுல உனக்கு என்னடா ஒரிஜினல்?”

ஓட்டை போடப்பட்டது. அடுத்தது கைப்பிடி.

“டிரைவர் பக்கம்தாம்மா வைக்கணும். ஓட்டுறவருதான மொதல்ல பாப்பாரு?”

“முன்னாடி இருக்கவனுக்கு ரோடுதான் தெரியும் பாய். பின்னாடி இருக்கவனுக்குத்தான் எல்லாம் தெரியும். பின் சீட்டுல வைங்க. என் கைக்கு எட்டுற மாதிரி. அப்படின்னா ஏறுறேன்.”

கைப்பிடியைச் சிலிண்டரோடு இணைக்க வந்திருந்தது ஒரே ஒரு கேபிள். சிவப்புக் கைப்பிடி பின் சீட்டுக் கதவுத் தூணில் ஏறியது. சிலிண்டரை இணைக்கும் முன்னால் எல்லாரையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொன்னார் பாய். எனக்கே சுலபமாக வந்தது. அக்கா? ஆஸ்பத்திரி வார்டில் வருஷா வருஷம் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவர் ஆயிற்றே. பின்னைப் பிடுங்கியதும் தெரியவில்லை, கைப்பிடியை இழுத்ததும் தெரியவில்லை. பாய் அசந்துவிட்டார்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். ஓய்வுப் பணத்தில் அக்கா அந்தப் பழைய பண்ணை நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வாங்கிப் போட்டிருக்கிறார். சித்தப்பா மகன் செல்வம் பார்த்துக்கொள்கிறார். சம்பாவுக்குப் பின் தெளித்த உளுந்து விளைந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் பயணம்.

அக்கா பின் சீட்டில் முதுகைச் சாய்க்கவே இல்லை. விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது... அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில். லேசாக பெட்ரோல் வாசனை. கேட் திறக்கிற வரையில் அக்காவின் கை சிவப்புக் கைப்பிடியில்தான் இருந்தது. நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

ஊர் எல்லையில் செல்வம் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தார்ரோடு தெரியவில்லை. அக்காவின் உளுந்துதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். தப்புதான். கூடாது என்று போலீஸ் சொல்லும், பேப்பரில் வரும். கேட்பது யார்? செலவில்லாத களம், கூலி கேட்காத ஆள்!

“வாங்கண்ணே, அப்படியே ஏத்துங்க! காலைலேர்ந்து ஒரு லாரிகூட வரல!”

இவர் தயங்கினார். வண்டியின் அடிப்பாகம் தாழ்வு, காய்ந்த கொடி சிக்கும் என்று இவருக்குத் தெரியும். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏத்துடா.”

ஏற்றினார். சக்கரத்துக்கு அடியில் காய்கள் சடசடவென்று வெடித்தன.

“பின்னாடி எடு.”

எடுத்தார். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். திடீரென்று ஒரு சத்தம்... அக்கா சிரித்தார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

“மலர், பாத்தியா? அந்த ஆளு வண்டி என் உளுந்த மிதிக்குது! போரடி மாடாட்டம் மிதிக்குது! இன்னொரு தடவ ஓட்றா தம்பி!”

ஆறு தடவை. எண்ணியது நான். நாலாவது தடவையிலேயே எனக்கு ஒரு வாசனை வந்தது. காய் நசுங்கும் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

“அண்ணே! அடியில தீ!”

செல்வத்தின் குரல். இவர் இன்ஜினை நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கினோம். குனிந்து பார்த்தேன். காய்ந்த உளுந்துக் கொடிகள் காருக்கு அடியில், சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டில் முறுக்கிக்கொண்டு, சைலன்சரில் ஒட்டி, கொழுந்துவிட்டு எரிந்தன. அதற்கு இரண்டு முழம் பின்னால் பெட்ரோல் டேங்க். சுற்றிலும் ரோடு முழுக்கக் காய்ந்த சருகு. செல்வமும், உளுந்து பரப்ப வந்திருந்த இரண்டு பெண்களும் காரைச் சுற்றியிருந்த செடியைக் கைகளால் வாரி அப்பால் வீசினார்கள். தண்ணீருக்கு எங்கே போவது? வாய்க்கால் வறண்டு கிடந்தது.

“அக்கா, இழுங்க!” என்று கத்தினேன்.

அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கை உள்ளே, சிவப்புக் கைப்பிடியில். மறு கையில் அந்தப் பின் ஊசி. பிடுங்கியாகிவிட்டது.

இழுக்கவில்லை.

“அக்கா! இழுக்கா!” என்றார் இவர்.

அக்கா நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது பயந்த முகம் இல்லை. அசையாமல், ரொம்ப நிதானமாக, கறுப்புக் கதவின் பெயின்ட் கொப்பளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி இருக்கும். என் கால்கள் ஓடு என்றன. அக்காவை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

இவர் பொறுக்க முடியாமல் ரோட்டில் குப்புறப் படுத்து, எரிகிற கொடியைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டார்.

“டேய்! கைய எடுடா!”

அதே நொடியில் அக்காவின் கை அசைந்தது. ஒரே இழுப்பு. புஸ்ஸென்று நுரை, முன்னாலும் பின்னாலும். அந்த ஒரிஜினல் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக வந்த நுரைதான் டேங்க் பக்கத்துத் தீயை அமுக்கியது. செல்வம் குச்சியை விட்டு மிச்சக் கொடியை வெளியே இழுத்துப் போட்டார். முடிந்தது.

செல்வம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தம்பியின் கையை அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“கைப்பிடி டைட்டா இருந்துச்சு தம்பி. சட்டுனு வரல,” என்றார்.

இவர் நம்பினார். அக்கா சொன்னால் சூரியன் மேற்கே உதித்தது என்றாலும் நம்புகிற ஆள்.

கார் செல்வம் வீட்டு வாசலிலேயே நின்றது. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். இவர் முன் சீட்டில் கட்டுப் போட்ட கையோடு தூங்கிவிட்டார். நான் அக்காவின் காதருகே கேட்டேன்.

“பின்னப் பிடுங்கிட்டீங்க. அப்புறம் ஏங்க்கா இழுக்கல?”

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர் திரும்பவே இல்லை.

“அன்னிக்கு அவரு உக்காந்து பாத்தாருல்ல... நானும் கொஞ்சம் பாத்தேன்.”

சிறிது நேரம் கழித்து, “அவராட்டம் கடைசி வரைக்கும் பாக்க என்னால முடியல மலர். நம்ம புள்ள தீக்குள்ள கைய விட்டுட்டான்ல?” என்றார்.

 நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். 

இரண்டு நாளில் ஜமால் பாய் காரை இழுத்து வந்தார். தரை கருகி, ஒரு பக்கத்துக் கதவு கொப்பளித்து, வாசலில் நிற்கிறது மிராசு. என் வீட்டுக்காரருக்கு என் பத்தியைப் படிக்கிற வழக்கம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பாவம், ஒற்றைக் கையோடு தினமும் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விட்டு இழுத்து இழுத்துப் பார்க்கிறார். “இப்ப வெண்ணெய் மாதிரி வருது பாரு!” என்கிறார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தது.