பிறகு தொழுகிறேன்

ஹுமைத் மொதலாளி இறந்த பிறகு மடுல்சீமைக் கடைவீதியில் அவருடைய கடை பலகை போட்டு மூடியே கிடந்தது. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அவர் மனைவி காமிலாக்கா இத்தா இருந்தார். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதை அப்படிச் சொல்வார்கள். நான் காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போய்த் தண்ணீர் பிடித்து வைத்து, பெருக்கி, சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதிகம் பேச வராது. பேச்சு வராத ஆள்தான் அப்போது அந்த வீட்டுக்குத் தோதாக இருந்தது.

பிள்ளைகள் இல்லாத வீடு. ஜன்னலில் பழைய சேலையை மடித்துக் கட்டியிருந்தார்கள். மலையையும் ரோட்டையும் அக்கா காதால் மட்டும்தான் அறிந்தார். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்களின் பேச்சு, அப்புறம் "பதுள, பதுள" என்று கொண்டக்டர் கூவுவது, மத்தியானம் அதே பஸ் திரும்பி வந்து மூச்சு வாங்குவது. அதற்கப்புறம் மழை.

அவர் ஐந்து வேளையும் தொழுவார். தொழுது முடித்ததும் பாயின் ஒரு முனையை மடித்துவிடுவது அவர்கள் பழக்கம். மத்தியானத் தொழுகையான லுஹருக்குப் பிறகு மட்டும் அக்கா முனையை மடிக்காமல் பாயைப் பார்த்தபடியே இருப்பதை நான் கவனித்தேன். சோறு ஆறிப்போகும். என்ன ஏது என்று கேட்க எனக்குக் கூச்சம். ஒருநாள் அவரே சொன்னார்.

கடமையான தொழுகையை அவர்கள் பர்ளு என்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் தாமாக விரும்பித் தொழுவது சுன்னத்து. மொதலாளி இரண்டிலும் கண்டிப்பானவர். கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் லுஹருக்குப் பின்னால் வரும் இரண்டு ரக்அத்து, அதாவது இரண்டு சுற்று, சுன்னத்தைத் தொழுதுவிட்டுத்தான் தராசைத் தொடுவார். அவர் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அக்கா வராந்தா மூலையில் பர்ளை மட்டும் தொழுதுவிட்டு ஓடி வருவாராம். அவரைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆளில்லை. அவர் கண்ணைத் திறந்து, "சுன்னத்து தொழுதியா?" என்று கேட்பார். "பொறகு தொழுறேன்" என்று அக்கா சொல்வார். தினமும் அதே கேள்வி, அதே பதில். கடைசி நாளும் கேட்டார், இவரும் அதையேதான் சொன்னார். பின்னேரத் தொழுகையான அஸர் நேரத்துக்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

"சொன்ன சொல்லு அப்பிடியே கெடக்கு, லெட்சுமி" என்றார் அக்கா.

மொதலாளியின் அக்கா பதுளையிலிருந்து பார்க்க வந்தபோது காமிலாக்கா மெதுவாகப் பேச்சை எடுத்தார். விட்ட சுன்னத்தை இப்போது தொழலாமா என்றுதான் கேட்டார். வந்தவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பர்ளுக்குத்தான் கழா. சுன்னத்து போனாப் போனதுதான்" என்று சொல்லிவிட்டு, இத்தா முடிந்ததும் அக்காவைத் தன்னோடு அழைத்துப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கழா என்றால் தவறியதைப் பிறகு நிறைவேற்றுவது. அந்த அம்மா கெட்டவர் இல்லை. கொண்டுவந்த பலகாரத்தில் எனக்கும் பொட்டலம் கட்டித் தந்தார். ஆனால் அன்றிலிருந்து காமிலாக்கா பாயில் உட்காருவதையும் குறைத்துக்கொண்டார். பர்ளைத் தொழுததும் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கதவிடுக்கில் அந்த முதுகைப் பார்ப்பது எனக்குப் பெரும் பாரமாக இருந்தது.

ஒரு காலையில் என் கையைப் பிடித்தார். "பள்ளிக்குப் போய் லெப்பைக்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாறியா? எனக்குப் போக ஏலாது. கேக்க வேற ஆளும் இல்ல."

பொட்டு வைத்தவளை இதைக் கேட்க அனுப்புகிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

பள்ளிவாசல் படியில், அங்கே தொழுகை நடத்தும் றஹீம் லெப்பை கால் கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீரோ கையில் கட்ட நூலோ ஓதி வாங்க அவரிடம்தான் போவோம். என்னைக் கண்டதும் அவர் கை தானாக நீண்டது.

"போத்தலக் குடும்மா. புள்ளைக்குக் காய்ச்சலா?"

"போத்தல் இல்லங்க."

"அப்ப நூலா?"

"நூலும் இல்லங்க. தவறிப்போன சுன்னத்துத் தொழுகைக்குக் கழா இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அவர் கழுவிய காலைத் துடைக்காமலே படியில் உட்கார்ந்தார். யார் கேட்டது என்றார். சொன்னேன். நான் மறந்துவிடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கட்டாயமில்ல. ஆனா நம்ம மத்ஹபு வழிமுறையில தொழலாம், தொழுறது நல்லது. நபி நாயகத்துக்கே ஒருநாள் ஆக்கள் வந்து, லுஹருக்குப் பொறகு உள்ள ரெண்டு ரக்அத்து தவறிப்போச்சு. அஸருக்குப் பொறகு தொழுதாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது என்ன தொழுகைன்னு அன்னைக்கும் அவங்க மனைவி வீட்டுலருந்து ஒரு பொம்புளைய அனுப்பித்தான் கேட்டாங்க."

வழி நெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார். அன்று லுஹர் தொழுது, அந்த நாளுக்குரிய இரண்டு ரக்அத்தையும் முடித்து, இன்னும் இரண்டு ரக்அத்துத் தொழுதார். பிறகு பாயின் முனையை மடித்தார். அன்றைக்குத்தான் சோறு சூடாக இறங்கியது.

விட்டுப்போனது ஆஸ்பத்திரி நாட்களுக்கு உரியது மட்டும்தான். அக்கா கையில் பொழுது கொட்டிக் கிடந்தது. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு நாளைக்கு, ஒரு நாளில் விட்டதை மட்டுமே தொழுதார். சில நாள் அதையும் தொழாமல், நாளைக்கு ஆகட்டும் என்பதுபோல் எழுந்துவிடுவார். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தா முடிந்த அன்று பதுளையிலிருந்து பெண்கள் வந்தார்கள். குளிக்க வைத்து, வெள்ளையைக் களைந்து, இளநீலச் சேலை கொடுத்தார்கள். மொதலாளியின் அக்கா சாமான்களைக் கட்டச் சொன்னார். ஜன்னல் துணியை நான்தான் அவிழ்த்தேன். வெளிச்சம் வந்ததும் அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு எதிர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்துக் கூடைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன.

தொழுகைப் பாயைக் கடைசியாகச் சுருட்டி அவரிடம் கொடுத்தேன்.

"எல்லாம் முடிஞ்சிருச்சாங்க அக்கா?"

"ஒரு நாளுது வச்சிரிக்கேன்."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குங்க. தொழுதுட்டே போங்களேன்."

அக்கா பாயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், லெட்சுமி. அவங்க கேட்டா, பொறகு தொழுறேன்னு சொல்ல ஒண்ணு இரிக்கட்டும்."