வளையாத பந்து

சட்டோகிராம் துறைமுகத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் அளவைக் குறித்து வைப்பது முதஸ்ஸிரின் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனாலும் கடலோர கிரிக்கெட் மைதானத்தில் எந்த நாடு ஜெயிக்கும் என்று பத்து ஆட்டங்களுக்கு அச்சுப் பிசகாமல் சொல்லியிருந்தார். நீர் ஏறும்போது காற்று திரும்பும், பந்து வளையும், அந்நேரம் மட்டை பிடிக்கிற அணி தோற்கும் என்பது அவர் கணக்கு.

பதினோராவது ஆட்டத்தில் வங்கதேசத்துக்காக முதல் முறையாக இறங்கவிருந்தவன் அவருடைய தம்பி ரிஸ்வான். அவரே பந்து போட்டுப் பழக்கிய பிள்ளை. காலையில் அவர் டீக்கடையில் இருந்தபோது போன் செய்தான்.

"அண்ணே, இன்னிக்கு யாரு?"

நாமதான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

"ரெண்டாவதா பேட் பண்ணா தோத்தோம்டா. மூணு மணிக்கு நீர் ஏறுது. பந்து வெளிய வளையும், தொடாத."

வங்கதேசம் இரண்டாவதாகத்தான் மட்டை பிடித்தது. மூன்றே காலுக்கு ரிஸ்வான் ஆட வந்தான். நீர் ஏறியிருந்தது, காற்றுதான் வரவில்லை. முதல் பந்து வளைந்து போய்விடும் என்று மட்டையைத் தூக்கிக்கொண்டான். அது நேராக வந்து ஸ்டம்பைச் சாய்த்தது. வங்கதேசம் ஏழு ரன் வித்தியாசத்தில் தோற்றது.

"பதினொண்ணும் பலிச்சிடுச்சே! உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் பாய்," என்றான் டீக்கடை ஷஃபியுல். முதஸ்ஸிர் டீயைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்த ரிஸ்வான் கோபப்படவில்லை. "வளையவே இல்லியேண்ணே," என்றான்.

அவனுக்கு இன்னொரு ஆட்டம் கிடைக்கவில்லை. இப்போது யாராவது "இன்னிக்கு யாரு?" என்று கேட்டால், முதஸ்ஸிர் நீர் ஏறும் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.