காப்புக் கட்டிய கையோடு படைக்குப் போனவள்

இவ்வாண்டு மாசித் திங்களில் மாத்தளை மாவட்டத்திற்குச் சென்று வந்தேன். பலாபத்வலைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அதன் ஐந்தாம் நாள் மாலை உரையாற்ற வேண்டுமென்று கோயில் குழுத் தலைவர் சந்தனம் அழைத்திருந்தார். மேடையேறிப் பேசுவது எனக்குப் பழகிய தொழில். ஆயினும் மலைநாட்டுத் திருவிழா ஒன்றை நான் அருகிருந்து கண்டதில்லை. எனவே வழியில் நாலந்தாவையும் பார்த்துவிடுவதென்று அன்று அதிகாலையிலேயே புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்குக் கண்டிப் பேருந்து. ஏ ஒன்பது நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இருநூற்று எழுபது கிலோமீற்றர் கடந்து, பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு நாலந்தாவில் இறங்கினேன். கட்டணம் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய். வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நண்பகல் வரை வெயில் இடப்பக்கமே அடிக்கும். தம்புள்ளை கடந்ததும் காற்று குளிர்ந்தது. கண்கள் தாமே மூடின. விழித்தபோது சாலையின் இருபுறமும் மிளகுக் கொடிகள் மரங்களைத் தழுவி ஏறிக்கொண்டிருந்தன. உறக்கம் கலைந்ததா தொடர்கிறதா என்று சற்று நேரம் தெரியவில்லை.

நாலந்தாக் கற்கோயில் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீற்றர் நடை. வடிவத்தில் அது நம் தென்னகக் கோயில், வழிபாட்டில் புத்தருடையது. நீர்த்தேக்கம் கட்டியபோது கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். நீர் மூன்று பக்கமும் அசைவற்றுக் கிடக்க, நடுவில் அந்தக் கோயில் எவருக்கும் விடை சொல்லும் கடமையின்றி நின்றது. ஒரு மணி நேரம் அதன் நிழலில் அமர்ந்திருந்தேன். அன்று வேறு எவரும் வரவில்லை.

அங்கிருந்து பலாபத்வலைக்குப் பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம். சந்தியில் முச்சக்கர வண்டி பிடித்தேன். ஆறு கிலோமீற்றர் ஏற்றத்திற்கு எழுநூறு ரூபாய் கேட்டார் ஓட்டுநர் நவ்ஷாத். நான் பேரம் பேசவில்லை.

"பேச வந்த மிஸ் நீங்கதானா? போஸ்டர்ல படம் வேற மாதிரி இருக்கே."

"பழைய படம்," என்றேன்.

"பரவால்ல மிஸ், குரல் பழசாகல்லன்னா போதும்."

கராம்பு காயும் மணம் வளைவுக்கு வளைவு வந்து வந்து போயிற்று. மூன்றாம் வளைவில் அவர் தாமாகவே தொடங்கினார்.

"மேல ஒரே சண்ட மிஸ். பூசாரிட மக ஆமிக்குத் தெரிவாகி இருக்கா. நாளைக்குக் காலைல போகணுமாம். கமிட்டி விட மாட்டேங்குது." ஆமி என்றால் இராணுவம்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"எங்கட மாமாட மகனும் ஆமிலதான். அவருக்குப் பொண்ணு கேட்டுப் போனா, மாப்புள என்ன செய்றார்னு கேப்பாங்க. அரசாங்க உத்தியோகம்னு சொல்லிட்டு டக்குனு பேச்ச மாத்திருவோம். சிங்கள வீட்டுல போட்டோவப் பெருசாக்கி முன்னுக்கு மாட்டுவாங்க. எங்க வீட்டுல அலுமாரிக்குள்ள." சிரித்துவிட்டு, அடுத்த வளைவுக்கு ஒலிப்பானை அழுத்தினார்.

எனக்குத் தங்குமிடம் அந்தப் பூசாரி முத்தையாவின் லயத்து வீடுதான். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அவர் கோயிலில் இருந்தார். அவருடைய மனைவி குவைத்தில் வீட்டுப் பணி. சென்று ஒன்பது ஆண்டுகள். மகள் தேவிகா எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள். வயது இருபத்திரண்டு இருக்கும். அவள் வலக் கையில் மஞ்சள் தோய்ந்த காப்புக் கயிறு.

மலைநாட்டிற்குப் புதியவர்கள் இவ்வழக்கத்தை அறிந்திருப்பது நல்லது. திருவிழாத் தொடக்கத்தில் தீச்சட்டி ஏந்துவோருக்குப் பூசாரி காப்புக் கட்டுவார். பத்தாம் நாள் அதே கை அவிழ்க்கும் வரை, கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டுதல் ஆகாது. தேவிகாவுக்குத் தந்தை காப்புக் கட்டிய மூன்றாம் நாள், பயிற்சி முகாமிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. குழுவினர் படையைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. எல்லையைப் பற்றி மட்டுமே உரைத்தார்கள். அன்றிலிருந்து முத்தையாவும் மகளோடு பேசவில்லை. குறித்த நாளில் போகாவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். காப்பைத் தானே அறுத்துக்கொண்டு போனால் வீடு போய்விடும்.

"அம்மா, உங்க பேச்ச போன்ல பாத்தேன்," என்றாள். "எங்க ஆளுங்க நிக்காத படைய எப்படி நாட்டுப் படைன்னு சொல்றதுன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"இப்ப ஒருத்தி போறேன். என்னை நிறுத்தச் சொல்லி கமிட்டி உங்கக்கிட்டக் கேக்கும். நீங்களும் வேணாம்னுதான் சொல்லப் போறீங்களா?"

நாட்டுப் படை பற்றிய அந்தக் கேள்வியைப் பல ஊர்களில் சாட்டையாக வீசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைதட்டல் எழுந்திருக்கிறது. அதை ஒரு பெண் வழிகாட்டிப் பலகையாக வாசித்திருப்பாள் என்று நான் எண்ணியதே இல்லை. நான் வளர்ந்த தெருவில் அந்தச் சீருடை தோன்றினால் பேச்சு நின்றுவிடும். அந்தப் பேச்சு நின்ற இடத்திலிருந்துதான் என் மேடைப் பேச்சு தொடங்கியது.

"ஏன் போகிறாய்?" என்றேன்.

"போன வருஷ மழையில பக்கத்துத் தோட்டத்துல மண்ணு சரிஞ்சிச்சு. ஆமிக்காரங்க வந்து கையாலதான் தோண்டுனாங்க. உள்ளேருந்து கூப்பிட்டவங்க தமிழ்ல கூப்பிட்டாங்க. தோண்டுனவங்களுக்கு வெளங்கல. நான் நடுவுல நின்னு சிங்களத்துல சொன்னேன், இந்தப் பக்கம், இன்னும் கீழன்னு. அதுல ஒருத்தர், நங்கி, நீ எங்க கூடவே வந்துடேன்னாரு." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. "வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்கு அது வெளையாட்டாத் தோணல."

மாலை ஐந்து மணிக்குச் சந்தனம் என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மஞ்சும் சாம்பிராணிப் புகையும் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாத வெண்மை. மனிதர்கள் அதற்குள்ளிருந்து தோன்றி அதற்குள்ளேயே கரைந்தார்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ நின்னுருவா," என்றார். "நம்ம ஆளுங்கள அடிச்ச கலவரத்துல எங்க லயம் எரிஞ்சிச்சு. காப்பாத்த வேண்டிய ஆமிக்காரங்க ரோட்டுல நின்னு வேடிக்க பாத்தாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. நாளைக்கு இந்தப் புள்ள ஒரு உடுப்பப் போட்டுக்கிட்டு லீவுக்கு வந்தா, நான் எந்தப் பக்கம் பாக்கிறதும்மா?"

அவர் கேட்டதில் பொய் இல்லை. அவள் கேட்டதிலும் இல்லை. இரண்டையும் சுமந்துகொண்டு ஆறு மணிக்கு மேடையேறினேன்.

அன்று நான் முழங்கவில்லை. "படையில் நம்மவர் இல்லை என்று சினக்கிறோம், அதற்குரிய உரிமை நமக்குண்டு. நம் வீட்டுப் பெண் போகிறாள் என்றும் சினக்கிறோம். அதற்குரிய வலியும் நமக்குண்டு. ஆனால் அந்த வலியை அம்மன் மேல் ஏற்றி, எல்லை என்று பெயர் சூட்டாதீர்கள். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று நம் வாயால் சொல்வோம்," என்றேன். எவரும் கைதட்டவில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் மலையில் மோதித் திரும்பிற்று.

பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து கமலம் எழுந்தார். தேவிகாவின் தாயோடு கொழுந்து பறித்தவர்.

"அண்ணே சந்தனம், நான் ஒண்ணு கேக்கட்டா? இவ அம்மாவுக்கும் காப்புக் கட்டியிருந்திச்சு, குவைத்து டிக்கெட்டு வந்தப்ப. நடுத் திருவிழாவுல அவுத்து விட்டீங்க. அப்ப மாரியாத்தாக்கிட்ட விசா காட்டுனீங்களோ?"

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரை ஓடியது. சந்தனம் சிரிக்கவில்லை. "அது வயித்துக்காகப் போனது. இது அப்படியா?" என்றார். கமலம், "இதுக்கும் சம்பளம் உண்டுண்ணே," என்று அமர்ந்தார். எல்லாரும் முத்தையாவை நோக்கினர். கட்டிய கை அவருடையது. அவிழ்க்க வேண்டியவரும் அவரே. அவர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக் கருவறைக்குள் சென்றார்.

மறுநாள் விடியற்காலை தப்புப் பறையின் ஒலி கேட்டு எழுந்தேன். மஞ்சினூடே லயத்தின் பாதிக் கதவுகள் திறந்திருந்தன, பாதி சாத்தியிருந்தன. திறந்த வீடுகளிலிருந்து பெண்கள் வந்து தேவிகாவின் பின்னே நடந்தார்கள். தேயிலைச் செடிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் இடுப்புக்குக் கீழே வெண்மை ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் நடப்பதுபோல் இறங்கினோம். வளைவில் சந்தனம் கைகட்டி நின்றிருந்தார். தேவிகா அவர்முன் நின்று, "வாறேன் மாமா," என்றாள். அவர் தலையசைத்தார், உடன் வரவில்லை.

தோட்டத்து எல்லைக் கல்லருகே முத்தையா காத்திருந்தார். கையில் திருநீற்றுத் தட்டு. தப்பொலி நின்றது. தேவிகா வலக் கையை நீட்டினாள், அவிழ்ப்பதற்காக.

அவர் அவள் நெற்றியில் நீறு இட்டார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சு தளர்ந்திருந்தது போலும், இழுத்து இறுக்கினார்.

"உங்கம்மாவுக்கு அவுத்து விட்டேன். ஒம்போது வருஷமாச்சு, இன்னும் வரல," என்றார். "ஒனக்கு அவுக்க மாட்டேன். பத்தாம் நாளு வரைக்கும் நீ நிக்கிற எடமெல்லாம் நம்ம எல்லைக்குள்ளதான். போ."

"அங்க கழட்டச் சொல்லுவாங்கப்பா."

"சொல்றவங்களையே அவுக்கச் சொல்லு. அறுக்கக் கூடாது, கீழ போடக் கூடாது, ஓடுற தண்ணில விடணும்னு சொல்லு. அவங்க கையிலயும் புத்த சாமிமாரு பிரித் மந்திரம் ஓதிக் கட்டுன நூலு இருக்கும். வெளங்கும் அவங்களுக்கு. ஒனக்குத்தான் சிங்களம் வருமே."

அவள் எல்லைக் கல்லைக் கடந்தாள். தப்பு மீண்டும் ஒலித்தது.

நானும் அவளோடு சந்தி வரை நடந்து, ஏழு ஐம்பதுக்குக் கொழும்புப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டேன். அவ்வளவே என் பங்கு. படையில் நம்மவர் இல்லாத குறை ஒருத்தியால் தீர்ந்துவிடாது. என் கேள்வியை நான் திரும்பப் பெறவும் இல்லை. ஆனால் இனி அதை மேடையில் கேட்கும்போது, கூட்டத்தில் யாரோ ஒருவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடக்கூடும் என்பதை அறிந்தே கேட்பேன்.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். மாசியில் விடியல் குளிரும். கம்பளிச் சட்டை வேண்டும். பலாபத்வலைச் சந்தியில் காலை ஆறுக்கு முன் முச்சக்கர வண்டி அரிது; முதல் நாளே சொல்லி வையுங்கள். திருவிழா வீடுகளில் புலால் உணவு எதிர்பார்க்காதீர்கள். எவரேனும் அன்போடு உங்கள் கையிலும் காப்புக் கட்ட முன்வந்தால், திரும்பும் நாளை முதலில் சொல்லிவிடுங்கள். அவிழ்ப்பதா, கட்டோடு அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.