‘கைக்கு?’ என்று கேட்டால் கையை நீட்டுவார் அக்கா

எங்கள் அன்பு அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நேரில் ‘வா, போ’ என்று பேசிய அக்காவை எழுத்தில் ‘வந்தார், போனார்’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் மலருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே.

அழுகிற கட்டுரை எழுத எனக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக என் காதில் ஒரு பேச்சு விழுந்துகொண்டிருக்கிறது. காரியத்தன்று பந்தலிலேயே ஆரம்பித்தது. “அந்த வயசுல போயி இரும்பைத் தூக்குனா. அதான் உள்ள என்னமோ பிசகிட்டு” என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரும்பு அக்காவுக்கு என்ன கொடுத்தது என்று கண்ணால் பார்த்தவள் நான். அதை உங்கள் எல்லோருக்கும் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

அக்கா கோவில்பட்டியில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத்தில் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா ரயிலேறினார். நான் பிறந்ததெல்லாம் இங்கே வந்த பிறகுதான். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அக்காவுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்த ஊர் இந்தியும் தெரியாது. குடியரசு தின அணிவகுப்புக்காகப் பிள்ளைகள் டிரம் வாசித்துப் பழகும் சத்தம் கேட்டு, அந்த அறை வாசலில் போய் நின்றாராம். பேண்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்து, “கைக்கு?” என்று கேட்டார். இந்த ஊரில் அதற்கு ‘எதற்கு?’ என்று அர்த்தம். எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். அக்கா அதைத் தமிழ் என்று நினைத்துவிட்டார்! ‘கைக்கா? ஆமாம், கைக்குத்தான்’ என்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். மாஸ்டர் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அந்தக் கைகளில் இரண்டு குச்சிகளை வைத்தார். எங்கள் வீட்டுக்கு டிரம் வந்த கதை இதுதான்.

அதன்பிறகு யார் ‘கைக்கு?’ என்று கேட்டாலும் அக்கா கையை நீட்டுவார். காய்கறிக்காரர் கேட்டாலும் நீட்டுவார், வங்கியில் கேட்டாலும் நீட்டுவார். கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் கேட்டபோதும் நீட்டினார். அவர் அந்தக் கையில் சம்பளக் கவரை வைத்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற கிண்டல்.

அக்கா பட்டப்படிப்பை முடிக்கும் முன்பே அப்பா திடீரென்று காலமானார். அப்பாவின் இடத்தில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கும் பிரிவு. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு பற்றவைப்பையும் பார்க்கும் வேலை. என்னைப் படிக்கவைத்தது அந்தக் குனிந்த முதுகுதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அக்காவைத் தியாகி என்று சொன்னதில்லை. சொன்னால் அடிப்பார். வாரம் முழுக்க போர்டு, சனி ஞாயிறு டிரம்ஸ் என்று அவர் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தார். தொழிற்சாலைத் தமிழர்கள் சேர்ந்து நடத்திய மெல்லிசைக் குழுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்ஸில் உட்காரும் ஒரே பெண் அவர்தான். குழுவை நடத்தியவர் கீபோர்டு அண்ணாச்சி. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான் என்பதால் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

ஐம்பது தாண்டியதும் சிக்கல் வந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் வேகமான பாட்டுகளையெல்லாம் கோத்து ஒரு மெட்லி போடுவார்கள். கூட்டம் அதற்காகவே உட்கார்ந்திருக்கும். அந்த இடம் வரும்போது அக்காவின் தோள் காதுவரை ஏறிவிடும். மூச்சைப் பிடித்துக்கொள்வார், குச்சியை இறுக்கிக்கொள்வார். தாளம் தானாக ஓட ஆரம்பிக்கும், பாடுகிற பெண் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுவாள். ஒரு பொங்கல் விழா முடிந்ததும் அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா நெனைக்காத தாயி. இனிமே கடைசி மெட்லிய ரிதம் மிஷின் பாத்துக்கிடும். நீ செத்த உக்காந்து ஓய்வெடு.”

வீட்டுக்கு வந்த அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார். “ஏட்டி, மிஷின் வாசிச்சா நான் மேடையில உக்காந்து என்ன செய்ய? விசிறிக்கிட்டு இருக்கவா?”

அடுத்த வாரமே எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் பெண்கள் ஜிம்மில் போய் நின்றார். நான் “நக்கோ அக்கா, நக்கோ! வேண்டாம், இந்த வயசுல கனம் தூக்கணுமா?” என்று இந்த ஊர்ப் பேச்சும் தமிழுமாகக் கெஞ்சினேன். “டிரம்மை மாடி மாடியாத் தூக்குதேம்லா, அது என்ன பஞ்சா?” என்றார். அக்காவின் மகள் தன் பங்குக்கு, “அம்மா, நுவ்வு ஓவர் சேஸ்துன்னாவ்” என்று, நீ ரொம்பத்தான் பண்ணுகிறாய் என்பதைத் தெலுங்கில் சொல்லி அலுத்துக்கொண்டாள். அண்ணாச்சி நிஜமாகவே பயந்துபோனார். “கனம் தூக்குனா கை இறுகிப் போகும் தாயி, வாசிப்பே கட்டையாயிரும்” என்றார். தாளக்காரர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள்.

ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் பர்வீன் மேடம். நாலு பேர் சேர்ந்து நகர்த்துகிற சாமானை ஒற்றையாய் நகர்த்துகிறவர், குரலும் அதற்கேற்ற குரல். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, “கைக்கு ஆயே ஆப்?” என்று கேட்டார். எதற்கு வந்தீர்கள் என்று. அக்கா விடுவாரா? சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். “டிரம்ஸ் பஜாதியூம்”, டிரம்ஸ் வாசிப்பேன் என்று வேறு சொன்னார். பர்வீன் மேடத்துக்குப் பழைய கதை தெரியாது. இந்த அம்மாவுக்குக் கையில்தான் பலம் வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டார்!

அப்புறம் பாருங்கள் கூத்தை. டம்பெல்லால் புஜத்துக்கு, மணிக்கட்டுக்கு, பிடிக்கு என்று எல்லாம் கைக்கே நடந்தது. அக்காவும் சோறு பிசையும்போதுகூடப் புஜத்தை மடக்கிப் பார்த்து ரசிப்பார். தமிழ்ப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஆர்வம் தலைக்கேறி, மணிக்கட்டுப் பயிற்சியை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்துவிட்டார். மறுநாள் மேடையில் விரல்கள் விறகுபோல இருந்தன. மூன்றாவது பாட்டில் வலது குச்சி பறந்துபோய் அண்ணாச்சியின் மடியில் விழுந்தது. அவர் ஒரு கையால் கீபோர்டை வாசித்துக்கொண்டே மறு கையால் குச்சியைத் திருப்பி நீட்டினார். கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஓர் அம்சம் என்று நினைத்துக் கைதட்டியது. அன்றைக்கு மெட்லியை மிஷின்தான் வாசித்தது. அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அண்ணாச்சி சொன்னது சரிதான் போல” என்றார் வீட்டுக்கு வந்து. அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜிம்முக்குப் போகாத அக்காவைத் தேடிக்கொண்டு பர்வீன் மேடம் வீட்டுக்கே வந்தார். “வாசித்துக் காட்டுங்கள், பார்ப்போம்” என்றார். அக்கா சுணங்கிக்கொண்டே உட்கார்ந்து வாசித்தார். மேடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்: “அரே அம்மா! ஆப் தோ பைராங் சே பஜாரே! ஹாத்தாங் கைக்கு?” நீங்கள் காலால் அல்லவா வாசிக்கிறீர்கள், கையை எதற்குப் போட்டு வதைத்தோம் என்கிறார்! உண்மைதானே! பெரிய டிரம்மை மிதிப்பது வலது கால், ஜால்ராவைத் திறந்து மூடுவது இடது கால். இரண்டு காலும் ஆடும்போது உடம்பு சாயாமல் நிறுத்துவது இடுப்பும் முதுகும். பல வருடம் போர்டு பார்த்துக் குனிந்த முதுகு சீக்கிரம் களைத்துவிடும். அது களைத்ததும் தோள் ஏறும், தோள் ஏறினால் கை இறுகும். கோளாறு ஒரு இடத்தில், நாங்கள் வைத்தியம் பார்த்தது இன்னொரு இடத்தில்! அக்கா சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “கையை நீட்டுனது என் தப்புட்டி, காலை நீட்டியிருக்கணும்” என்றார்.

அன்றிலிருந்து கனத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட், முழங்கையை ஊன்றிப் பலகைபோல நிற்கும் பிளாங்க், மூச்சுக்காக வேகநடை என்று பாடம் மாறியது. கைக்கும் உண்டு, ஆனால் அளவாக. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கையைத் தொடவே கூடாது என்று மேடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் வாசிப்பு மாறியது எனக்கே கேட்டது. சத்தம் கூடவில்லை. மெதுவாக வாசிக்கும் இடங்கள்தான் முதலில் அழகாயின! எனக்கு அது புரியவில்லை. பலம் வந்தால் ஓங்கித்தானே அடிப்பார்கள்?

“இல்லட்டி” என்றார் அக்கா. “பலம் இல்லாதப்போதான் இறுக்கிப் பிடிப்போம், எங்க விழுந்துருமோன்னு. உள்ள மிச்சம் இருந்தா லேசாப் பிடிக்கலாம். குச்சி தானாத் துள்ளும்.” கனம் தூக்கித் தூக்கி அக்காவின் கை லேசாகிவிட்டது.

அடுத்த பொங்கல் விழா. தமிழ்ச் சங்கத்தின் மண்டபம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வருடமும் பெரிய டிரம்முக்கு மட்டும் ‘தூக்க ஆள் இருக்கா?’ என்று அலையும் அக்கா, அன்றைக்கு அதைத் தானே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினார். மேடையில் அண்ணாச்சி மிஷினையும் வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசி மெட்லி வந்தபோது அண்ணாச்சியின் ஒரு விரல் அதன் பொத்தான்மேலேயே நின்றது. முதல் பாட்டு முடிந்தது, தோள் ஏறவில்லை. இரண்டாவது பாட்டுக்குத் தாவினார், தாளம் ஓடவில்லை. அக்கா வாயைத் திறந்து நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு வாசித்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, என் அக்காவின் முதுகு! கடைசி வரிசையில் பர்வீன் மேடமும் ஜிம் பெண்களும் நாற்காலிமேல் ஏறி, “ஹவ் அக்கா, ஹவ்!”, அப்படித்தான் அக்கா என்று கத்தினார்கள். நானும் ஏறிவிட்டேன். அண்ணாச்சி பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மிஷினின் வயரையே பிடுங்கிவிட்டு, அந்த பிளக் பாயின்ட்டில் மின்விசிறியைச் செருகி அக்கா பக்கம் திருப்பினார். அக்கா வாசிப்பை நிறுத்தாமலே கத்தினார்: “ஃபேன் வேண்டாம் அண்ணாச்சி, குச்சி பறந்துரும்!”

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட அந்த மிஷின் மேடை ஏறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அக்கா வாசித்தார், தூக்கினார், சிரித்தார்.

பிறகு கணையத்தில் நோய் வந்தது. அது கனம் தூக்கியதால் வந்ததல்ல. நானே மருத்துவரிடம் நேருக்கு நேர் கேட்டேன். “இல்லவே இல்லை. இந்தச் சிகிச்சையை அவர் இவ்வளவு தாங்குவதே அந்த உடம்பு இருப்பதால்தான்” என்றார். மற்றவர்கள் இரண்டு பேர் தோளில் சாய்ந்து எழுந்த வார்டில், அக்கா வெகுநாள் வரை கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்ததும் ‘பார்த்தியா?’ என்பதுபோல என்னைப் பார்ப்பார்.

கடைசி வாரத்தில் எழவில்லை. அன்று மதியம் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விட்டால் போய்விடுவார் என்பதுபோலப் பிடித்திருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து, “லேசாப் பிடிட்டி. இறுக்குனா ஓடிருவ” என்றார். நான் பிடியைத் தளர்த்தினேன். அக்காவின் விரல் என் உள்ளங்கையில் மெதுவாகத் துள்ளியது. மறுநாள் காலையில் அக்கா இறைவனடி சேர்ந்தார்.

அக்காவை ஒரு நாளும் தனியாக மருத்துவமனைக்கு அனுப்பாத அத்தானுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கோவில்பட்டியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பர்வீன் மேடத்துக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சொல்லவில்லை.

இன்று மாலை அதே மண்டபத்தில் குழு வாசிக்கிறது. டிரம்ஸில் அக்காவின் மகள் உட்காருகிறாள். கடைசி மெட்லி வரை தாங்குவாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். ‘நக்கோ, நக்கோ’ என்று கெஞ்சிய நான் இந்த ஒரு வருடமாக மருந்துக்கடை மாடிக்குப் போய்வருகிறேன். டிரம்மைத் தூக்க இன்று ஆள் வேண்டாம், நான் தூக்கிக்கொள்வேன். படியில் என்னைப் பார்த்து யாராவது ‘கைக்கு?’ என்று கேட்டால், அக்காவைப்போலக் கையை நீட்ட என்னால் முடியாது. இரண்டு கையிலும் டிரம் இருக்கும். தயவுசெய்து வழியை மட்டும் விடுங்கள்.