ஆறு வீட்டு விளக்கு

தலத்தெரு ஊரைத் தாண்டி, வயலைத் தூர்த்து மனை போட்ட நகரில் முதலில் குடிவந்தவன் நான். பிறகு எங்கள் தெருவில் மாடி வீடுகள் ஆறு எழும்பின. நான்கு பிரான்சில் இருப்பவர்களுடையவை, இரண்டு துபாயில் இருப்பவர்களுடையவை. குடிபுகுந்த மாதமே எல்லோரும் விமானம் ஏறினார்கள். சாவிகள் என்னிடம் வந்தன.

"சாயங்காலம் விளக்கை மட்டும் போட்டுவிடுங்கண்ணே. ஆள் இருக்கிற மாதிரி தெரியணும்."

மறுக்க வாய் வரவில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் ஆறு வீடு ஏறி இறங்கினேன். டவுனிலிருந்து வந்த மச்சினர், "உங்க நகர் ஜேஜேன்னு ஆயிடுச்சே" என்றார். வயலாக இருந்தபோது தவளையாவது கத்தியது.

போன ஐப்பசியில் ஒருநாள் விளக்குகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். தூக்க இன்னொரு ஆள் வேண்டும். வெளியே ஓடிவந்து கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் அவள் பிழைத்தது, போன் போட்டதும் டவுனிலிருந்து பறந்து வந்த ஆட்டோக்காரர் புண்ணியம்.

அதற்கு முன் நான் செய்த காரியத்தை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து, ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுச் சாவி என் கையில்தான் இருந்தது.