எட்டுப் பேருக்கான அறை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே வாத்தியார். எங்களுக்கு வந்த கணக்குப் புத்தகத்தில் பனைமரமும் தோணியும் புகையிலைத் தோட்டமும்தான் இருந்தன. கடலையே பார்க்காத பிள்ளைகள் தோணியில் ஏற்றிய மூட்டைகளை எண்ணித் தவித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாமே ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. டவுனில் அச்சகம் வைத்திருந்தவர், எழுதி முடித்தால் அச்சடித்துத் தருவதாகச் சொன்னார்.

எழுதிய கணக்குகளை முதலில் ஐந்தாம் வகுப்பில் போட்டுப் பார்ப்பேன். அங்கே கெட்டிக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள்.

பரப்பளவுப் பாடத்துக்கு, பிள்ளைகள் குடியிருந்த லயத்தின் வரிசை வீடுகளை வைத்து நான் எழுதிய கணக்கு இது: லயத்தில் ஓர் அறை பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம். ஒருவர் படுக்க ஆறடிக்கு இரண்டரை அடி வேண்டும். எத்தனை பேர் படுக்கலாம்? எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“எட்டுப் பேரு சார்,” என்றாள். பிறகு சிலேட்டைப் பார்த்தபடியே, “எங்க வீட்டுல ஒம்பது பேரு இருக்கோம். அடுப்பு வேற இருக்கு. அதைக் கழிக்கணுமா சார்?” என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டை எண்ணிக்கொண்டிருந்தது.

“கணக்குல அடுப்பு இல்லம்மா,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வருவது நின்றது. லயத்துக்குப் போனேன். அவள் அப்பா வாசலிலேயே நின்று பேசினார்.

“வேலைக்குப் பேரு பதிஞ்சாச்சுங்க ஐயா. அவ அம்மாவுக்கு முடியல. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேற ஆளில்ல.”

“அவ நல்லாப் படிக்கிற புள்ளைங்க.”

“தெரியுங்க. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தார். உள்ளே அடுப்போரம் அவள் அம்மா சுருண்டு படுத்திருந்தார். கொடுத்த பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அந்தக் கணக்கை அடித்துவிட்டு, தரைக்குக் கல் பதிக்கும் கணக்கொன்றை எழுதினேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியோடு கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போனேன். அவள் ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் துடைத்துவிட்டு வாங்கினாள். இரண்டு பக்கம் புரட்டினாள்.

“தம்பிக்கு ஆகும் சார்,” என்று கூடைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.